போர்க்கால ஜப்பானில் பேரரசரின் அதிகாரம் எப்படி வேலை செய்தது?

1945 ஆகஸ்ட்டில் பேரரசர் ஹிரோஹிட்டோ போதும் என்றார், போர் நின்றது. சொன்னால் நிற்கும் என்றால், அமெரிக்காவுடன் போர் தொடங்கிய 1941 டிசம்பரில் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? ஜப்பானின் போர்க்கால வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி இது. இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உண்டு. அவர் ராணுவத்தின் கைப்பொம்மை, பாவம் என்பது ஒன்று. திரைமறைவிலிருந்து எல்லாவற்றையும் ஆட்டுவித்தவரே அவர்தான் என்பது மற்றொன்று. இரண்டுமே வசதியான விடைகள். ஆவணங்களோடு ஒட்டிப் பார்த்தால் இரண்டும் இடிக்கும். அன்றைய அரசில் பேரரசருக்கு என்ன இடம், எந்தக் காகிதம் எந்த வழியாக அவர் மேசைக்கு வந்தது என்று பார்த்துவிட்டால் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும்.

சட்டம் என்ன சொன்னது

ஹிரோஹிட்டோவின் தாத்தா பேரரசர் மெய்ஜியின் காலத்தில், 1889 பிப்ரவரி 11 அன்று அறிவிக்கப்பட்ட மெய்ஜி அரசியல் சட்டம் அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு, பேரரசர் புனிதமானவர், அவரை யாரும் தீண்ட முடியாது என்கிறது. 4ஆம் பிரிவு இறையாண்மை முழுவதும் அவரிடமே என்று சொல்லிவிட்டு, ஆனால் அரசியல் சட்டத்தின்படியே அதைச் செலுத்துவார் என்று ஒரு கடிவாளமும் போடுகிறது. 11ஆம் பிரிவின்படி தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைமைத் தளபதி அவரே. போர் அறிவிப்பதும் சமாதானம் செய்வதும் 13ஆம் பிரிவின்படி அவர் உரிமை. இவ்வளவையும் கொடுத்த சட்டம் 55ஆம் பிரிவில் இன்னொன்றையும் சொல்கிறது: அமைச்சர்கள் பேரரசருக்கு ஆலோசனை சொல்வார்கள், அதற்கு அவர்களே பொறுப்பு, அமைச்சரின் கையெழுத்தும் சேராமல் எந்தச் சட்டமும் அரசாணையும் செல்லாது.

அதிகாரம் எல்லாம் பேரரசருக்கு, பொறுப்பு எல்லாம் அமைச்சர்களுக்கு. சட்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்தார்கள். ஆட்சி தவறினால் அமைச்சரவை கவிழட்டும், அரியணைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது கணக்கு. மெய்ஜி காலத்தில் இது ஓரளவு ஓடியது. சட்டத்தை எழுதிய மூத்த அரசியல்வாதிகளே உயிரோடு இருந்து, பிரதமரைத் தேர்ந்தெடுத்து, தளபதிகளையும் அமைச்சர்களையும் உட்கார வைத்துப் பேசி முடித்தார்கள். அவர்களில் கடைசியாக இருந்த சையோன்ஜி கின்மொச்சி 1940 நவம்பரில் இறந்தார். அந்த மூத்தவர்கள் செய்த வேலையைச் செய்ய சட்டத்தில் வேறு யாருமே இல்லை. பிரதமர் என்ற பதவியையே மெய்ஜி சட்டம் குறிப்பிடவில்லை, அமைச்சரவை என்ற சொல்லும் கிடையாது. சக அமைச்சரைப் பதவிநீக்கும் அதிகாரம் பிரதமருக்கு இல்லை. ஓர் அமைச்சர் முரண்டு பிடித்தால் அமைச்சரவையே ராஜினாமா செய்ய வேண்டியதுதான்.

படைக்குத் தனி வாசல்

பெரிய ஓட்டை இங்கேதான். 55ஆம் பிரிவு சொல்லும் அமைச்சர் ஆலோசனை, 11ஆம் பிரிவு தரும் படைத் தலைமைக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றது ராணுவம். 1878இலேயே தரைப்படையின் தலைமை அலுவலகம் அரசிலிருந்து பிரிக்கப்பட்டு நேரே பேரரசரின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. 1893இல் கடற்படைக்கும் அதேபோல ஒன்று வந்தது. இந்த இரண்டு தலைமைத் தளபதிகளும் பிரதமரைக் கேட்காமலே பேரரசரைச் சந்தித்துப் படை விவகாரத்துக்கு ஒப்புதல் வாங்கலாம்.

இதோடு இன்னொரு விதி. 1900 முதல் தரைப்படை, கடற்படை அமைச்சர்களாகப் பணியில் இருக்கும் தளபதிகளையே நியமிக்க வேண்டும். 1913இல் இதைத் தளர்த்தினார்கள், 1936இல் மறுபடி இறுக்கினார்கள். விளைவு எளிது: ராணுவத்துக்குப் பிடிக்காத பிரதமர் வந்தால் அமைச்சராக ஆள் தராமல் இருந்தாலே போதும். 1937இல் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உகாகி கசுஷிகே அமைச்சரவை அமைக்க முடியாமல் போனது இப்படித்தான். 1940 ஜூலையில் தரைப்படை அமைச்சர் ஹதா ஷுன்ரோக்கு ராஜினாமா செய்ய, மாற்று ஆள் தர ராணுவம் மறுக்க, யொனாய் மிட்சுமாசாவின் அரசு கவிழ்ந்ததும் இதே வழியில்தான்.

சீனாவுடன் முழுப்போர் வெடித்த பிறகு, 1937 நவம்பரில், அரண்மனைக்குள் பேரரசின் பொதுத் தலைமையகம் நிறுவப்பட்டது. பெயர்தான் பொது. உள்ளே தரைப்படைப் பிரிவு தனி, கடற்படைப் பிரிவு தனி. பிரதமர் அதில் உறுப்பினரே இல்லை. போர் எந்தப் பக்கம் போகிறது என்று தனக்கே சொல்வதில்லை என அன்றைய பிரதமர் கொனோயே ஃபுமிமாரோ புலம்பியது சும்மா இல்லை. தரைப்படையும் கடற்படையும் அமைச்சரவையும் ஒன்றாகக் கூடும் ஒரே புள்ளி பேரரசர் என்ற மனிதர். அந்த மனிதரோ எதையும் தானாகத் தீர்மானிக்கக் கூடாது என்பது மரபு. போர்க்கால ஜப்பானின் தலைவலி முழுவதும் இந்த முரணிலிருந்து வந்ததுதான் என்பேன்.

ஒரு கட்டளை எப்படிப் பிறந்தது

ஒரு படையெடுப்பை எடுத்துக்கொள்வோம். வரைவைத் தலைமை அலுவலகத்தின் நடுத்தர அதிகாரிகள் எழுதுவார்கள். கர்னல், மேஜர் தரத்தில் இருப்பவர்கள். பிரிவுத் தலைவர், துணைத் தளபதி என்று மேலேறித் தலைமைத் தளபதியின் கைக்கு வரும். அவர் அரண்மனைக்குப் போய்ப் பேரரசர் முன் நின்று விளக்குவார். பேரரசர் கேள்வி கேட்பார். எத்தனை டிவிஷன் போகிறது, மழைக்காலம் எப்போது, எதிரி விமானம் எவ்வளவு, போன தடவை சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கேள்விகள் மிக நுணுக்கமாகவே இருக்கும். விடை திருப்தியாக இருந்தால் ஒப்புதல் முத்திரை விழும். பிறகு அது பேரரசரின் கட்டளை என்ற பெயரில், தலைமைத் தளபதி வழியாகக் களத்துக்குப் போகும். தரைப்படைக்கு டாய்ரிகுமெய், கடற்படைக்கு டாய்காய்ரெய் என்று வரிசை எண்ணோடு இவை வெளிவந்தன. சின்னச் சின்ன விவரங்களைத் தலைமைத் தளபதியே தனி அறிவுறுத்தலாக அனுப்பிக்கொள்வார்.

இங்கே கவனிக்க வேண்டியது கேள்வி கேட்கும் கட்டம். பேரரசர் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்வது அபூர்வம். ஆனால் கேள்வியே பாதி ஆணை. இரண்டு மூன்று முறை ஒரே விஷயத்தைக் கேட்டால் தளபதி அலுவலகத்துக்குத் திரும்பி வரைவை மாற்றுவார், அல்லது கூடுதல் படை அனுப்புவார். முத்திரையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் வெறும் கையெழுத்து இயந்திரமாகத் தெரிவார். கேள்விகளைப் படிப்பவர்களுக்கு வேறு ஆளாகத் தெரிவார்.

பழுதும் இங்கேயே தொடங்கியது. 1931 செப்டம்பர் 18 அன்று சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில், அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானியப் படையான குவாண்டுங் படை தானே ரயில் பாதையில் வெடிவைத்துவிட்டுச் சீனர்கள் மேல் பழிபோட்டுச் சண்டையைத் தொடங்கியது. மூன்று நாளில் கொரியாவிலிருந்த ஜப்பானியப் படை, தளபதி ஹயாஷி சென்ஜூரோவின் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டியது. பேரரசரின் கட்டளை இல்லாமல் எல்லை தாண்டுவது ராணுவச் சட்டப்படி மரண தண்டனைக் குற்றம். அமைச்சரவை செலவுக்கு ஒப்புக்கொண்டது; பேரரசர், இனிமேல் கவனமாக இருங்கள் என்று சொல்லி, நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் தந்தார். ஹயாஷி 1937இல் பிரதமரே ஆனார். முதலில் செய்துவிடு, பிறகு ஒப்புதல் தானாக வரும் என்ற பாடத்தைக் கீழ்மட்ட அதிகாரிகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

அவர் ஏன் தயங்கினார்

1928 ஜூனில் மஞ்சூரியாவின் போர்ப்பிரபு ஜாங் சுவோலின் போன ரயிலைக் குவாண்டுங் படை அதிகாரிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். குற்றவாளிகளைத் தண்டிப்பேன் என்று முதலில் சொன்ன பிரதமர் தனாகா கீச்சி, ராணுவத்தின் நெருக்கடிக்குப் பிறகு பேச்சை மாற்றினார். இருபத்தெட்டு வயது ஹிரோஹிட்டோ நேருக்கு நேர் கடிந்துகொண்டார். 1929 ஜூலையில் தனாகா ராஜினாமா செய்தார், மூன்று மாதத்துக்குள் இறந்தும் போனார். அரண்மனை எல்லை மீறிவிட்டது என்று முணுமுணுப்பு எழுந்தது. அதன்பின் அமைச்சரவை கொண்டுவருவது பிடிக்காவிட்டாலும் ஒப்புதல் தருவது என்று முடிவெடுத்ததாக 1946இல் அவரே உதவியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். டோக்கியோ போர்க்குற்ற விசாரணை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு சொன்னது இது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த முடிவை அவர் எப்போதும் கடைப்பிடிக்கவில்லை. 1936 பிப்ரவரி 26 அன்று சுமார் 1,400 வீரர்களுடன் இளம் அதிகாரிகள் டோக்கியோவின் மையத்தைப் பிடித்தார்கள். நிதி அமைச்சர் தகாஹாஷி கொரேகியோவும், பேரரசருக்கு நெருங்கிய ஆலோசகரான அரண்மனை முத்திரை அமைச்சர் சைதோ மகோத்தோவும் கொல்லப்பட்டார்கள். பிரதமரும் செத்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். கிளர்ச்சிக்காரர்கள் சொன்னதோ எல்லாம் பேரரசருக்காக என்று. தளபதிகள் மென்று விழுங்கினார்கள். ஹிரோஹிட்டோ மட்டும் அசையவில்லை: இவர்கள் கலகக்காரர்கள், உடனே அடக்குங்கள், இல்லையென்றால் காவல் படையை நானே நடத்தி வருவேன் என்றார். 29ஆம் தேதி கலகம் முடிந்தது. அவர் வாய் திறந்தால் படை கேட்கும் என்பதற்கு இது சாட்சி. அதே நேரத்தில் அரண்மனையைச் சுற்றி எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன என்பதையும் அவருக்குக் காட்டியது. அன்று உடம்பில் குண்டுகள் பாய்ந்து பிழைத்த அரண்மனை அதிகாரி ஒருவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுசுகி கன்தாரோ.

1941: கூட்டமும் மௌனமும்

நாட்டின் மிகப் பெரிய முடிவுகள் கோசென் கைகி எனப்படும் பேரரசர் முன்னிலைக் கூட்டத்தில் முத்திரை பெற்றன. அரசும் படைத் தலைமையும் முன்கூட்டியே தொடர்புக் கூட்டத்தில் சண்டைபோட்டு ஒரே வாசகத்துக்கு வந்த பிறகுதான் இது கூட்டப்படும். பேசப்போவதெல்லாம் எழுதித் தயாராக இருக்கும். பேரரசர் பேச மாட்டார். அவர் சார்பில் ஆலோசனை மன்றத் தலைவர் ஹாரா யொஷிமிச்சி கேள்வி கேட்பார். 1941இல் ஜூலை 2, செப்டம்பர் 6, நவம்பர் 5, டிசம்பர் 1 என நான்கு கூட்டங்கள் நடந்தன.

செப்டம்பர் கூட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்திவிட்டது. கையிருப்பு சுமார் இரண்டு ஆண்டுக்குத்தான் தாங்கும் என்று கடற்படை சொல்லிக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசிக்குள் போர்த் தயாரிப்பை முடிப்பது, கூடவே பேச்சுவார்த்தை நடத்துவது, அக்டோபர் தொடக்கத்துக்குள் அதில் வழி பிறக்காவிட்டால் போருக்கு முடிவெடுப்பது என்று வரைவு. 5ஆம் தேதி மாலை கொனோயே இதைக் கொண்டுவந்தபோது, போர்த் தயாரிப்பு முதல் வரியிலும் பேச்சுவார்த்தை இரண்டாவது வரியிலும் இருப்பதைப் பேரரசர் கவனித்தார். இரண்டு தளபதிகளையும் உடனே வரவழைத்தார். தெற்கே எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார். மூன்று மாதம் என்றார் தரைப்படைத் தளபதி சுகியாமா. சீனப் போர் தொடங்கியபோது நீங்கள்தான் அமைச்சர், ஒரு மாதத்தில் முடியும் என்றீர்கள், நாலு வருஷமாகியும் முடியவில்லையே என்றார் பேரரசர். சீனாவின் உள்நாடு மிகப் பரந்தது என்றார் சுகியாமா. சீனா பரந்தது என்றால் பசிபிக் அதைவிடப் பரந்ததில்லையா என்று குரலை உயர்த்தினார் ஹிரோஹிட்டோ. சுகியாமா தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் கூட்டத்தில், போரா பேச்சுவார்த்தையா எது முதலில் என்று ஹாரா கேட்டபோது தளபதிகள் வாய் திறக்கவில்லை. மரபை மீறிப் பேரரசர் பேசினார். தாத்தா மெய்ஜி எழுதிய ஒரு கவிதையை எடுத்துப் படித்தார்: நாற்றிசைக் கடல்களும் உடன்பிறந்தவை என்றிருக்க, அலையும் காற்றும் ஏன் இப்படிக் கொந்தளிக்கின்றன என்பது அதன் பொருள். அறை உறைந்துபோனது. பேச்சுவார்த்தைக்கே முதலிடம் என்று தளபதிகள் வாக்களித்தார்கள். வரைவில் ஒரு எழுத்துகூட மாறாமல் முடிவு நிறைவேறியது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கவிதையை மட்டும் பார்த்துவிட்டு அவர் சமாதானவாதி என்று முடித்துவிடுவது எளிது. கதை அங்கே நிற்கவில்லை. அக்டோபரில் கொனோயே விலகினார். அடுத்த பிரதமராகத் தரைப்படை அமைச்சர் தோஜோ ஹிதேக்கியைப் பரிந்துரைத்தவர் முத்திரை அமைச்சர் கிடோ கோய்ச்சி. ராணுவத்தை ராணுவத்தாரே கட்டுப்படுத்தட்டும் என்பது அவர் கணக்கு. அரச குடும்பத்து இளவரசர் ஹிகாஷிகுனியின் பெயரும் அடிபட்டது. தோற்றால் பழி அரச குடும்பத்தின் தலையில் விழும் என்று கிடோ தடுத்தார். செப்டம்பர் முடிவை மறந்து முதலிலிருந்து யோசியுங்கள் என்று பேரரசரின் பெயரில் தோஜோவுக்குச் சொல்லப்பட்டது. யோசித்தார்கள், அதே இடத்துக்கு வந்தார்கள். அமெரிக்கக் கடற்படைத் தளமான முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) தாக்கும் திட்டம் நவம்பர் தொடக்கத்திலேயே பேரரசருக்கு விளக்கப்பட்டது. நவம்பர் 30 அன்று அவருடைய தம்பி, கடற்படை அதிகாரியான இளவரசர் தகாமட்சு, கடற்படைக்கு உள்ளுக்குள் நம்பிக்கை இல்லை என்று எச்சரித்தார். ஹிரோஹிட்டோ கடற்படை அமைச்சரையும் தளபதி நகானோவையும் அழைத்துக் கேட்டார். இருவரும் நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். திட்டப்படி நடக்கட்டும் என்று தோஜோவுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் கூட்டத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. 1941 டிசம்பரில் அமைச்சரவை, தரைப்படை, கடற்படை மூன்றும் ஒரே வாசகத்தோடு வந்தன. மறுப்பதற்கு மரபில் இடமில்லை. அதைவிட முக்கியம், மறுக்கும் எண்ணமும் அப்போது அவரிடம் மிச்சமில்லை.

போர் நடக்கும்போது

1942 தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் படான் தீபகற்பத்தில் தாக்குதல் தேங்கியபோது கூடுதல் படை அனுப்பக் கூடாதா என்று சுகியாமாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பசிபிக் தீவான குவாடல்கனாலில் தரைப்படையின் விமானங்களை ஏன் இறக்கவில்லை என்று நச்சரித்தார். கடைசியில் அங்கிருந்து பின்வாங்கும் முடிவும் 1942 டிசம்பர் 31 அன்று அவர் முன்னிலையில்தான் எடுக்கப்பட்டது. 1944 ஜூனில் சைபான் தீவை மீட்க முடியாது என்று தளபதிகள் கைவிரித்தபோது ஒப்புக்கொள்ளாமல், மூத்த மார்ஷல்களைக் கூட்டிக் கேட்டார். அவர்களும் முடியாது என்ற பிறகே விட்டார்.

தகவல் விஷயத்திலும் அவர் இருட்டில் இருந்ததாகச் சொல்வது பொருந்தாது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. பொதுமக்களுக்கு ஒன்று மூழ்கியது, ஒன்றுக்குச் சேதம் என்று அறிவித்தார்கள். பேரரசருக்கு உண்மை தெரியும்.

அவர் பெயரில் நடந்தவை தமிழர் வாழ்விலும் புகுந்தன. பேரரசின் பொதுத் தலைமையகம் அனுமதித்த சயாம் - பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். சிங்கப்பூர் பள்ளிகளில் பிள்ளைகள் டோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கினார்கள்.

1945 பிப்ரவரியில் கொனோயே, தோல்வி உறுதி, போரை முடியுங்கள் என்று எழுத்தில் கொடுத்தார். களத்தில் இன்னொரு முறை வெற்றி கிடைக்காமல் அது கடினம் என்பது பேரரசரின் பதில். டோக்கியோ குண்டுவீச்சு, ஒகினாவா, ஹிரோஷிமா, நாகசாகி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

1945 ஆகஸ்ட்: எது மாறியது

இப்போது பிரதமர், 1936இல் குண்டடிபட்டுப் பிழைத்த அதே சுசுகி கன்தாரோ. போரை நடத்தும் உச்ச மன்றத்தில் ஆறு பேர். ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா, 9 அதிகாலை சோவியத் தாக்குதல், அன்று காலை ஆறு பேரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நாகசாகி. சுசுகி, வெளியுறவு அமைச்சர் தோகோ, கடற்படை அமைச்சர் யொனாய் மூவரும் அரியணையைக் காப்பது என்ற ஒரே நிபந்தனையோடு சரணடையலாம் என்றார்கள். தரைப்படை அமைச்சர் அனாமி, தளபதிகள் உமெசு, தொயோதா மூவரும் நான்கு நிபந்தனை கேட்டார்கள். மூன்றுக்கு மூன்று.

ஒருமித்த முடிவு இல்லாமல் முன்னிலைக் கூட்டம் கூடுவதில்லை. அதைக் கூட்டத் தளபதிகள் இருவரின் கையெழுத்தும் வேண்டும். அமைச்சரவைச் செயலாளர் சகோமிசு ஹிசட்சுனே, அவசரத்துக்கு உதவும் என்று சொல்லி அந்தக் கையெழுத்தை முன்பே வாங்கி வைத்திருந்தார்! இரவு 11:50க்கு அரண்மனைப் பதுங்குகுழியில் கூட்டம். இரண்டு மணிநேரம் வாதம். சுசுகி ஓட்டெடுக்காமல் எழுந்து, பேரரசரின் முடிவையே இந்தக் கூட்டத்தின் முடிவாக ஏற்போம் என்றார். ஹிரோஹிட்டோ தோகோ பக்கம் பேசினார்.

அமெரிக்காவின் பதில் வந்ததும் மறுபடி இழுபறி. இந்த முறை தளபதிகள் கையெழுத்துத் தரப்போவதில்லை என்பதால், 14ஆம் தேதி பேரரசரே எல்லோரையும் நேரடியாக வரச் சொன்னார். அன்று எழுதிய சரணடையும் அரசாணையில் அனாமி உட்பட எல்லா அமைச்சர்களும் கையெழுத்திட்டார்கள். சட்டத்தின் 55ஆம் பிரிவு கடைசி நாள்வரை கைவிடப்படவில்லை. அதைப் பேரரசரே வாசித்ததை இரவில் ஒலிப்பதிவு செய்தார்கள். பதிவுத் தட்டுகளைக் கைப்பற்ற அரண்மனையில் நுழைந்த கலகக்கார அதிகாரிகள் காவல் படைத் தளபதி மோரியைக் கொன்றார்கள், தட்டுகள் கிடைக்கவில்லை. மறுநாள் பகலில் நாடு பேரரசரின் குரலை முதன்முறையாக வானொலியில் கேட்டது. அதுவும் போதாதென்று சைகோன், சீனா, மஞ்சூரியா தலைமையகங்களுக்கு அரச குடும்பத்து இளவரசர்களை அனுப்பி, இது பேரரசரின் விருப்பமே என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

ஆக, 1945இல் முடிக்கப்படாத கேள்வி ஒன்றை ஒரு பிரதமர் துணிந்து அவர் முன் வைத்தார். பதில் சொல்லவும் அவர் தயாராக இருந்தார். 1941இல் இந்த இரண்டுமே இல்லை.

பிறகு

டோக்கியோ விசாரணையில் 28 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பேரரசர் பெயர் அதில் இல்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தைச் சிக்கலின்றி நடத்த அவர் தேவை என்று ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் கருதினார். 1947 டிசம்பர் 31 அன்று சாட்சிக் கூண்டில் தோஜோ, பேரரசரின் விருப்பத்துக்கு மாறாக எந்த ஜப்பானியனும் நடக்கமாட்டான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். எல்லாத் தரப்பும் பதறியது. ஒரு வாரத்தில் அதே கூண்டில் அதைத் திருத்திச் சொல்ல வைத்தார்கள்.

1947 மே 3 முதல் புதிய அரசியல் சட்டம். பேரரசர் நாட்டின் சின்னம். ஆட்சி அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்கிறது 4ஆம் பிரிவு. அமைச்சர்களை நியமிக்கவும் நீக்கவும் பிரதமருக்கு உரிமை வந்தது. அமைச்சர்கள் அனைவரும் படையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 66ஆம் பிரிவு.